முதல் தீர்வு: நீக்கு

பிப்ரவரி 3, திங்கள்

அலுவலகத்தில் இன்று கேக் வெட்டினார்கள். காரணம் நான். அல்லது, வரைவு மென்பொருளோடு நான் எழுதிச் சேர்த்த ப்ளக்-இன் என்ற குட்டி நிரல். எங்கள் கட்டட வரைவுகளில் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை தொடர்ந்து ஐம்பத்திரண்டு வாரங்களாகப் பூஜ்யம். சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு கோடு உயரத்திலிருந்து சரிந்து, தரையைத் தொட்டு, அப்புறம் ஒரு வருஷமாகப் படுத்தே கிடக்கிறது. மருத்துவமனையில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் உறவினரைக் கூப்பிடுவார்கள். இங்கே கேக் வெட்டுகிறார்கள்.

முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுத்தம். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான். முதல் துண்டை என்னிடம் நீட்டி, “பாத்துக்கங்க, சுத்தமான வேலைன்னா இதான்” என்றார்.

கேக்கை வாங்கிக்கொண்டு மில்லிமீட்டர் அண்ணா என் மேசைக்கு வந்து நின்றார். எங்கள் மூத்த வரைவாளர். சுவரை அளந்துவிட்டு, அளந்த டேப்பையும் அளப்பார் என்று அலுவலகத்தில் பேச்சு.

“ஏம்மா, திரையில அந்த எச்சரிக்கைப் பெட்டி இப்பல்லாம் வர்றதே இல்லியே?”

“வரக் கூடாதுன்னுதானே அண்ணா நான் உயிரைக் கொடுத்தேன்?”

“இல்ல... வீட்ல ஓயாம பேசிட்டிருக்கற ஆளு திடீர்னு பேசலன்னா, என்னாச்சோன்னு எழுந்து போய்ப் பாப்போமில்ல. அந்த மாதிரி இருக்கு.”

எல்லோரும் சிரித்தோம். கேக் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

எதற்காகக் கேக் என்று இவர் கேட்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் வேலையைப் பற்றி இவர் கேட்ட நான்காவது கேள்வி. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க “இப்ப தெரியுதா? இப்ப?” என்று கேட்டுக்கொண்டேயிருப்பதால் வீட்டுக்கு வரும்போது கேள்விகள் தீர்ந்துவிடும். வீட்டில் இவருடைய பேச்சு “ம்” என்ற ஓரெழுத்தோடு முடியும்.

விளக்கினேன். கட்டடம் வரையும் மென்பொருள் சும்மா இருக்காது. ஒரு சுவரை நகர்த்தினால் ‘இது இன்னொரு சுவரின் மேல் ஏறி நிற்கிறது’ என்று ஒரு பெட்டி திரையில் வரும். அது எச்சரிக்கை; ‘சரி’ என்று அழுத்திவிட்டு மேலே போகலாம். பிழை என்பது வேறு. பிழை வந்தால் அது வழிவிடாது. நாலைந்து தீர்வுகளை வரிசையாகக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடு என்று குறுக்கே நிற்கும். ஆனால் எதையும் திரையில் காட்டுவதற்கு முன்னால், மென்பொருள் என் ப்ளக்-இன்னைக் கூப்பிட்டு, ‘இப்படி ஒரு சங்கதி, என்ன செய்யலாம்?’ என்று மரியாதையாகக் கேட்கும். அந்தக் கூப்பாட்டுக்கு நான் எழுதிவைத்திருக்கும் பதிலுக்குப் பெயர் கால்பேக். எச்சரிக்கை என்றால் என் பதில்: காட்டாதே.

“பிழைன்னா?”

ஐந்தாவது கேள்வி!

“வரிசைல முதல் தீர்வு எதுவோ அத எடுத்துக்கன்னு சொல்லிட்டேன்.”

“முதல் தீர்வு எதுவா இருக்கும்?”

“எதுவா இருந்தாலும்.”

“ம்,” என்றார்.

பிப்ரவரி 6, வியாழன்

இவருடைய ‘ம்’ நாள் முழுக்கக் காதிலேயே இருந்தது. எரிச்சல். மூன்று தினுசான ‘ம்’ உண்டு இவரிடம். நேற்றையது மூன்றாவது, சந்தேகத் தினுசு.

ஒரு வருஷத்துக்கு முன்னால் ‘முதல் தீர்வை எடு’ என்ற அந்த வரியை எழுதிய நாள் நினைவிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை. சுத்தம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, “எச்சரிக்கை போயிடுச்சு சரி, இந்தச் செவப்புப் பெட்டி மட்டும் ஏன் வருது?” என்றார். இரண்டு சுவர், ஒரு கதவு வைத்து ஒரு மாதிரிக் கோப்பில் சோதித்தேன். முதல் தீர்வு ‘இணைப்பைப் பிரித்துவிடு’ என்று வந்தது. சாதுவான தீர்வு. யாருக்கும் கேடில்லை. கீழே எனக்கு நானே ஒரு குறிப்பும் எழுதிவைத்தேன்: ‘பிறகு ஒழுங்காகப் பார்க்கவும்.’

குறிப்பு இன்னும் இருக்கிறது. பத்திரமாக.

பிப்ரவரி 11, செவ்வாய்

மில்லிமீட்டர் அண்ணா மாலையில் கிளம்பும்போது குடையைத் தேடினார். குடை கையில் இருந்தது. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இவர் இன்று பேசினார். தொடர்ச்சியாக. பதிவுசெய்து வைக்கிறேன்.

“உங்க மில்லிமீட்டர் கடைக்கு வந்தாரு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு. ‘போட்ட கோடு எனக்குத் தெரிய மாட்டேங்குது தம்பி, பவர ஏத்திக் குடுங்க’ன்னு கெஞ்சறாரு. நாலு தடவ டெஸ்ட் பண்ணிட்டேன். கடைசி வரி வரைக்கும் படிக்கறாரு. அச்சடிச்ச கம்பெனி பேரு வரைக்கும் படிக்கறாரு. என்னமோ சரியில்ல. நீ கொஞ்சம் பேசிப் பாரேன்.”

ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். “ம்,” என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

காலை பதினொன்று இருக்கும். நூலகக் கட்டடத்தின் மேற்பார்வையாளர் சுத்தத்துக்கு ஃபோன் செய்தார். வேலை முடியும் தறுவாயில் இருக்கும் கட்டடம். மாடித் தளத்தின் நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு பெரிய திறப்பு விட்டிருக்கிறோம். எட்டிப் பார்த்தால் கீழ்த்தளம் தெரியும். பெயின்டர் ஒருவர் தான் அடித்த சுவர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க இரண்டடி பின்னால் நகர்ந்திருக்கிறார். மூன்றாவது அடிக்குத் தளம் இல்லை.

கீழே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்ததால் உயிர் தப்பியது. தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் முறிந்துபோயின.

அந்த விளிம்பில் தடுப்பு ஏன் இல்லை? மேற்பார்வையாளர் சொன்னாராம்: “எங்கெங்க கைப்பிடிக் கம்பி வரும்னு நீங்க குடுத்த பட்டியல் இருக்கு. அந்த விளிம்புகளுக்கெல்லாம் தற்காலிகத் தடுப்பு போட்டுட்டோம். மேற்குப் பக்கம் உங்க பட்டியல்லயே இல்ல.”

பட்டியல் மென்பொருள் தானாகத் தயாரிப்பது. வரைவில் இருந்தால் பட்டியலில் இருக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

கூட்டம். வரைவைப் பெரிய திரையில் போட்டார்கள். திறப்பின் மூன்று பக்கம் கைப்பிடி. மேற்கே வெறும் விளிம்பு. சுத்தமாக இருந்தது.

“இது யாரு வரைஞ்சது?” சுத்தம் கேட்டார். யார் என்று அவருக்குத் தெரியும்.

மில்லிமீட்டர் அண்ணா எழுந்து நின்றார். ஐம்பத்தாறு வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல. “நான்தான். வரைஞ்சேன்னுதான் நெனச்சேன்.”

“நெனச்சா போதுமா? வரையணும்ல?”

“தப்புதான்.”

அவ்வளவுதான். ஒரு வாதம் இல்லை. கால் மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம் சண்டை போடும் ஆள். தப்பு என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. எனக்கும்.

பிப்ரவரி 21, வெள்ளி

மாடிப்படியில் என்னை நிறுத்தினார். மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, “உங்கிட்ட மட்டும் சொல்றேன்மா” என்றார்.

“எங்கப்பாவுக்கு மறதி வந்து, கடைசில எங்களையே தெரியாம போச்சு. சின்னச் சின்னதாத்தான் ஆரம்பிச்சுது. அடுப்ப அணைச்சேன்னு சொல்லுவாரு, அணைச்சிருக்க மாட்டாரு. அதே மாதிரி இருக்கும்மா எனக்கு. அந்தக் கைப்பிடிய நான் போட்டேன். கண்ணு முன்னாடி நிக்குது. அப்புறம் திறந்து பாத்தா இல்ல. சரி, போடலபோலன்னு மறுபடி போட்டேன். மறுபடி இல்ல. மூணு தடவ போட்ட மாதிரி ஞாபகம். ஒரே கைப்பிடிய யாராவது மூணு தடவ வரைவாங்களா? நீயே சொல்லு.”

குரலை இன்னும் தாழ்த்தினார்.

“அடுத்த வெள்ளியோட நின்னுக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஒரு ஆளு விழுந்துட்டான்மா. அடுத்தது யாரோ. வியாழக்கிழமை காலைல பெரிய ஆஸ்பத்திரில ஞாபக மறதி டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருக்கேன். வீட்ல சொல்லல. கண்ணு டெஸ்ட்டுன்னு சொல்லியிருக்கேன்.”

கீழே இறங்கிப் போனார். ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைத் தொட்டு, அது இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

மூன்று தடவை. முதல் தீர்வு எதுவாக இருக்கும் என்று இவர் கேட்டாரே? எதுவா இருந்தாலும். எதுவா இருந்தாலும்னு சொன்னேனே —

பிப்ரவரி 22, சனி

விடுமுறை நாளில் அலுவலகத்துக்குப் போனேன். காவலாளியிடம் சார்ஜரை விட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். இந்த வாரத்தின் முதல் பொய் என்று எழுதத்தான் ஆசை.

மென்பொருளும் நாட்குறிப்பு எழுதும். ஒவ்வொரு கணினியிலும், யாரும் திறக்காத ஒரு மூலையில், தான் செய்ததையெல்லாம் நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருக்கும். என்னைவிட ஒழுங்காக எழுதும். இடையில் நாள் விடாது, தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளாது. மில்லிமீட்டர் அண்ணாவின் கணினியில் அதைத் திறந்தேன். அப்படியே எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 12. 10:42:07 — கைப்பிடி உருவாக்கப்பட்டது.
11:15:30 — தளத்துத் திறப்பின் விளிம்பு மாற்றப்பட்டது.
11:15:30 — பிழை: கைப்பிடிக்குத் தாங்கும் விளிம்பு இல்லை. தீர்வுகள்: 1. நீக்கு. 2. வேறு விளிம்பில் பொருத்து. 3. மாற்றத்தைக் கைவிடு.
11:15:30 — தேர்வு: 1. தேர்ந்தவர்: ப்ளக்-இன்.

டிசம்பர் 4: அதே நான்கு வரி. ஜனவரி 9: அதே நான்கு வரி.

நூலகக்காரர்கள் திறப்பின் விளிம்புப் பூச்சு அளவை மூன்று தடவை மாற்றச் சொன்னார்கள். அவர் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் விளிம்பு நகர்ந்தது. கைப்பிடி காலூன்ற இடமில்லாமல் நின்றது. மென்பொருள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது. நான் ‘நீக்கு’ என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்காமல். அவர் கண்ணுக்குப் பெட்டி வரவில்லை. ஜனவரி 9-ஆம் தேதிதான் வரைவைக் கட்டடத்துக்கு அனுப்பிய நாள். திரும்பத் திறந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

போட்டிருக்கிறார். மூன்று தடவையும் போட்டிருக்கிறார். அவர் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு என்னுடையது, முப்பத்தெட்டு வரி, அதில் ஒன்று எனக்கு நானே எழுதிய குறிப்பு.

பிப்ரவரி 23, ஞாயிறு

துணி துவைத்தேன். திரைச்சீலைகளையும் துவைத்தேன். கழற்ற முடிந்ததையெல்லாம் துவைத்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சொல்லத்தான் போனேன். அவர் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். பென்சில்களை நீளவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார். “என்னம்மா?” என்றார். “ஒண்ணுமில்ல அண்ணா” என்றேன்.

மதியம், கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் அந்தப் பக்கம் வந்தார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த மிஷின அழிச்சுட்டுப் புதுசா ஏத்தப் போறேன். வேணுங்கறத எடுத்துக்கங்க.”

ஆக, வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு அந்த நாட்குறிப்பு இருக்காது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் நாலு நாள் இருந்தால் போதும். ஒன்றும் நடக்காததுபோல் இருக்க வைப்பதுதான் என் தொழில். அதற்குக் கேக்கெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

இதை எழுதும்போதே தெரிகிறது. இதுவும் யாரும் திறக்காத மூலையில் எழுதப்படும் பதிவுதான். எழுதிவிட்டால் சொல்லிவிட்டதாக ஆகிவிடுமா? நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். அவருக்கு ஒரு வரி போய்ச் சேரவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

பெயின்டரைப் பார்க்கப் போனேன். யாராக என்று என்னையே கேட்டுக்கொண்டு போனேன். கம்பெனிலேர்ந்து வர்றேன் என்றேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி வணக்கம் வைக்கப் பார்த்தார்; வலியில் முகம் கோணியது.

“தப்பு என் மேலதான் மேடம். பின்னாடி பாக்காம நகந்துட்டேன். சுவரு அவ்ளோ நல்லா வந்திருந்துச்சு.”

அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். “இருவது வருஷமா இதே வேலை. ஒரு ஆளுக்குப் பின்னாடி தர இருக்கா இல்லியான்னு தெரியாதா?” என்று ஒவ்வொரு சுளைக்கும் ஒரு திட்டு.

வரைவாளர் தன் தப்பு என்கிறார். பெயின்டர் தன் தப்பு என்கிறார். கீழே பெட்டிகளை அடுக்கியவர்கூட, இன்னும் கொஞ்சம் மெத்தென்று அடுக்கியிருக்கலாம் என்று வருத்தப்பட்டாராம். பழி ஏற்க இந்தக் கட்டடத்தில் ஆள் பஞ்சமே இல்லை. வரிசையில் நிற்காதவள் ஒருத்திதான்.

ஆரஞ்சில் எனக்கும் நாலு சுளை கொடுத்தார்கள். தின்றேன்.

பிப்ரவரி 26, புதன்

சுத்தத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். காகிதங்களை வைத்தேன். மற்ற கணினிகளின் நாட்குறிப்புகளையும் காலையில் துழாவியிருந்தேன். ஒரு வருஷத்தில் பதினோரு கட்டடங்களில் இருநூற்றுப் பதினேழு இடங்களில் என் ப்ளக்-இன் ‘நீக்கு’ என்று சொல்லியிருக்கிறது.

“இருநூத்திப் பதினேழா? சுவத்துல பூஜ்யம்னு இல்ல போட்டிருக்கோம்?”

“பெட்டி வந்தது பூஜ்யம் சார்.”

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, குரலைத் தணித்து, ரொம்பப் பிரியமாக: “பெரியவரே ஒத்துக்கிட்டாரு. மரியாதையா போறாரு. நானும் நல்லபடியா அனுப்பறேன். நீ ஏன்மா நடுவுல?”

“அவரு செய்யாததத்தான் சார் ஒத்துக்கிட்டிருக்காரு.”

“நீ செஞ்சேன்னு நீ வந்து சொல்றே. செய்யாமயே அவரும் சொல்றாரு. எனக்கு ரெண்டு பேர் தேவையில்ல, ஒருத்தர் போதும். இத வெளிய சொன்னா பதினோரு கட்டடத்தையும் திரும்பப் பாக்கணும். ரெண்டுல ஜனங்க குடி வந்தாச்சு.”

“அதுக்குத்தான் சார் சொல்றேன்.”

“யோசி. திங்கக்கிழமை பேசுவோம்.”

திங்கட்கிழமை! பிழை வந்தபோது அவர் தேர்ந்தெடுத்ததும் முதல் தீர்வைத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவரை வைத்துத்தான் என் ப்ளக்-இன்னையே எழுதினேன் என்று தோன்றுகிறது.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘ம்’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “நாளைக்கு எத்தன மணிக்கு அவருக்கு டாக்டர்?” என்றார்.

பிப்ரவரி 27, வியாழன்

ஒன்பதரைக்கு அந்த மருத்துவமனையில் இருந்தேன். இரண்டாவது மாடி. வரிசையாகப் பச்சை நாற்காலிகள், ஒரு மீன் தொட்டி, ஒரு மீன். மில்லிமீட்டர் அண்ணா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் டோக்கனோடு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“நீ எங்கம்மா இங்க?” என்றார். பதில் வருமுன்னே, “உக்காரு. நூறுலேர்ந்து ஏழு ஏழா கொறைக்கச் சொல்லுவாங்களாம். தொண்ணூத்தி மூணு, எம்பத்தி ஆறு, எழுவத்தி ஒம்போது, எழுவத்தி ரெண்டு... சரிதான? இன்னிக்கு தேதி இருவத்தி ஏழு. வியாழன். அதுவும் கேப்பாங்க” என்றார்.

காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் எதையும் ஒரு தடவை படிப்பவர் இல்லை. ஒவ்வொரு நேரத்தின் மேலும் விரல் வைத்துப் படித்தார். நவம்பர். டிசம்பர். ஜனவரி. மறுபடியும் நவம்பர்.

“அப்ப நான் போட்டிருக்கேன்.”

“மூணு தடவையும் போட்டிருக்கீங்க அண்ணா.”

அவர் தோள் இறங்கியது. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றைக் கீழே வைத்தவர்போல. முகம் சிரிக்கத் தொடங்கியது, சத்தம் வரவில்லை. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எங்களையே பார்த்தாள். பிறகு அவர் விரல் கடைசி வரிக்குப் போயிற்று.

“இந்த ‘ப்ளக்-இன்’ங்கறது...”

“நான்தான்.”

காகிதத்தை மடித்தார். ஓரத்தோடு ஓரம் சரியாகச் சேரும்படி. இன்னொரு மடிப்பு.

“இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

“சனிக்கிழமை.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

தெரியாமல் கேட்கவில்லை. என்னைச் சொல்ல வைத்தார்.

“வியாழன்.”

“அஞ்சு நாளு,” என்றார். “அஞ்சு நாளா நான் கண்ணாடில எங்கப்பா மொகத்தப் பாத்துட்டிருந்தேன். பொண்டாட்டி பேர, புள்ளைங்க பேர எழுதிப் பையில வெச்சிட்டிருந்தேன். மறந்துட்டா எடுத்துப் பாத்துக்கலாம்னு.”

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். நாலு பெயர். கட்டட வரைவில் எழுதுவாரே, அதே பெரிய, நேரான எழுத்து.

நர்ஸ் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். எழுந்தார்.

“அண்ணா, இனிமே எதுக்கு...”

“வந்தது வந்தாச்சு. பாத்துட்டே போறேன்.” ஓரடி போய்த் திரும்பினார். “நீங்க கெளம்புங்க.”

நீங்க. பதினொரு வருஷமாக என்னை நீ, ஏம்மா என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர்.

பிப்ரவரி 28, வெள்ளி

எட்டு மணிக்கு, யாரும் வருமுன்னே, வேலையை முடித்துவிட்டேன். புதிய கால்பேக். மென்பொருள் கூப்பிட்டுக் கேட்டால், இனி அதன் பதில்: ‘எனக்குத் தெரியாது, வரைகிறவரிடம் கேள்.’ பதினொரு வரி. ஒரு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய பதினொரு வரி.

ஒன்பதரைக்குத் தொடங்கியது. ஒவ்வொரு திரையிலும் பெட்டி. சுவர்மேல் சுவர். எங்கும் சேராத உத்திரம். ஒரே அறைக்கு இரண்டு எண். ‘சரி’ அழுத்தினால் அடுத்தது. “டேய், எனக்கு நானூத்திப் பத்து!” “எனக்குத் தொள்ளாயிரம், சும்மா இரு.” ஒரு வருஷமாக வாயைக் கட்டி வைத்திருந்த வீடு ஒரே மூச்சில் பேசியது.

சுத்தம் அறையிலிருந்து வெளியே வந்தார். “என்னாச்சு? யாரு என்ன பண்ணது?”

எழுந்து நின்றேன். போன வாரம் அண்ணா நின்ற மாதிரிதான் நின்றிருப்பேன். “நான்தான் சார்” என்று தொடங்கினேன். பெட்டியை மறைத்தது நான். பிழை வந்தால் நீக்கச் சொன்னது நான். நூலகத்துக் கைப்பிடியை அவர் மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் எடுத்தது நான். நவம்பர் 12 என்று சொல்லவேண்டிய இடத்தில் அழுதுவிட்டேன். சொன்னேன்.

யாரோ ஒருவர் திரையில் மட்டும் ‘டிங்’ ‘டிங்’ என்று வந்துகொண்டிருந்தது.

அப்போது மில்லிமீட்டர் அண்ணா வந்தார். அரை மணி தாமதம். அவருடைய சரித்திரத்தில் முதல் தாமதம். நேராக சுத்தத்தின் அறைக்குள் போனார். மேசைமேல் கிடந்த தன் கடிதத்தை எடுத்து, நாலாக மடித்து, பையில் வைத்தார். “டாக்டர் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாரு” என்று பொதுவாகச் சொன்னார். இழுப்பறையைத் திறந்து, பென்சில் கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றினார்.

என் பக்கம் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பதினோரு கட்டடங்களையும் பார்த்தாயிற்று. சுத்தத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. அலுவலகம் முழுவதும் கேட்டுவிட்டதே. இருநூற்றுப் பதினேழில் பெரும்பாலும் அற்ப சொற்பம். இருபத்தாறு இடங்களில் ஏதாவது செய்ய வேண்டும். குடிவந்த ஒரு வீட்டில் பின்கட்டுப் படிக்குக் கைப்பிடி இல்லை. கதவைத் தட்டி, என்ன தப்பு, யார் தப்பு என்று சொல்வது என் வேலை. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டம்மா, “நாங்க இது ஏதோ புது ஃபேஷன்னு நெனச்சோம்” என்றார்.

என் மேசையை நகல் எந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். இனி நான் எழுதும் எதையும் இன்னொருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நியாயம். படிப்பவர் வரிக்கு வரி “இது எதுக்கு?” என்று கேட்கிறார். முதல் தடவையாக எனக்கு எச்சரிக்கை வருகிறது.

பெயின்டரிடமும் போய்ச் சொன்னேன். “இத எம் பொண்டாட்டி வர்ற வரைக்கும் இருந்து, அவகிட்டயும் சொல்லிட்டுப் போங்க மேடம்” என்றார். இருந்தேன். சொன்னேன். அந்தம்மா என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆரஞ்சு தரவில்லை.

மார்ச் 31, திங்கள்

மில்லிமீட்டர் அண்ணா பேசவில்லை. ‘அந்தக் கோப்ப அவங்ககிட்ட அனுப்பச் சொல்லு’ என்று இன்னொருவர் மூலம் வருகிறது. நான் அவங்க ஆகிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

இவர் கேட்டார்: “இன்னிக்காவது பேசினாரா?”

“இல்ல.”

“கடைக்கு வந்தாரு. பழைய பவரே போதும்னு வாங்கிட்டுப் போனாரு.” கொஞ்சம் கழித்து, “ஒன்னப் பத்தி ஒண்ணும் கேக்கல” என்றார்.

கேட்டதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான்.

ஏப்ரல் 21, திங்கள்

சுவரில் அந்தத் தாள் இருந்த இடத்தில் ஒரு செவ்வகம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. நூலகத்தில் மேற்குக் கைப்பிடி வைத்தாகிவிட்டது என்று மேற்பார்வையாளர் படம் அனுப்பியிருந்தார். அதற்குப் பின்னால் தெரியும் சுவர் பாதியிலேயே நிற்கிறது. பெயின்டர் வந்து மிச்சத்தை அவரே அடிப்பாராம். வேறு யாரும் தொடக் கூடாதாம்.

பன்னிரண்டு மணி வாக்கில் நகல் எந்திரம் மூச்சு விட்ட ஒரு இடைவெளியில், அறையின் அந்தக் கோடியிலிருந்து குரல் கேட்டது.

“ஏம்மா.”

இங்கே அம்மாக்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். யாரும் நிமிரவில்லை. நான் நிமிர்ந்தேன்.

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “பெட்டி வந்திருக்கு” என்றார்.

எழுந்தேன். உட்கார்ந்தேன். “என்ன சொல்லுது அண்ணா?”

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். அலுவலகத்துக்கே கேட்கும்படி, ஒரு சொல் விடாமல் படித்தார். எந்தப் படிக்கட்டு, எந்தக் கைப்பிடி, அதற்கு எங்கே கால் இல்லை. ஒன்று, நீக்கு. இரண்டு, வேறு விளிம்பில் பொருத்து. மூன்று, மாற்றத்தைக் கைவிடு. கீழே ஓரத்தில் இருந்த ‘உதவி’ என்ற பொத்தானைக்கூட விடவில்லை.

படித்து முடித்துவிட்டு, சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“எத அழுத்தட்டும்?”